வாசலருகே ஓர் இடம்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாகன நிறுத்த உரிமையும்

நடக்க இயலாத ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வருவோருக்குச் சிகிச்சையைக் காட்டிலும் கடினமாக இருப்பது, வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து வாசல்வரையுள்ள தொலைவே. பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கும், சர்க்கரை நோயால் காலின் ஒரு பகுதியை இழந்தவருக்கும், செயற்கைக் கால் பொருத்தி நடை பழகுபவருக்கும் நூறு அடி என்பது சிறிய தொலைவன்று. முழங்காலுக்கு மேல் கால் அகற்றப்பட்டவர் செயற்கைக் காலுடன் நடக்கும்போது, நல்ல நிலையில் உள்ளவரைவிடக் கணிசமாகக் கூடுதலான ஆற்றலைச் செலவிடுகிறார். பாதங்களில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. கோடைக்காலத் தூத்துக்குடியின் தார்த்தரையில் நடந்து பாதம் வெந்ததை அவர்கள் அறிய மாட்டார்கள். வீட்டுக்குச் சென்று காலணியைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைக் காண்பார்கள்.

இந்தத் தொலைவுக்கு அஞ்சியே பலர் மறுபரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகின்றனர். ஆறாத புண்ணைப் பார்க்க வேண்டிய நாள் கடந்துபோகிறது. இயன்முறைச் சிகிச்சை இடையில் நிற்கிறது. ஆகவே, வாகன நிறுத்தம் பற்றிய இக்கட்டுரையை மருத்துவத்துக்குப் புறம்பானதாக எண்ண வேண்டாம்.

தனியே ஓர் அனுமதிச் சீட்டு உண்டா?

வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிரிட்டனில் 'நீலப் பட்டயம்' என்ற அனுமதி உள்ளது. 1970-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் அடிப்படையில் 1971-இல் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் நீல நிறத்துக்கு மாறியது. அது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. அவர் எந்த வண்டியில் சென்றாலும் உடன் கொண்டு செல்லலாம். சிங்கப்பூரிலும் இதையொத்த வில்லை முறை நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் நாடு முழுமைக்கும் பொதுவான இத்தகைய தனி அனுமதிச் சீட்டு இல்லை. இங்கு வாகன நிறுத்த வசதி இரண்டு ஆவணங்களைச் சார்ந்து நிற்கிறது. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இதனை 'யூ.டி.ஐ.டி. அட்டை' என்று அழைக்கிறோம். மற்றொன்று, வண்டி மாற்றுத்திறனாளியின் பெயரிலோ அவருக்கென மாற்றியமைக்கப்பட்டோ இருப்பின் அதன் பதிவுச் சான்று. கடைகளில் விற்கும் சக்கர நாற்காலி ஒட்டுப்படத்தை எவரும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அது காவலாளிக்கு ஓர் அறிவிப்பாக உதவுமேயன்றி, உங்கள் உரிமையை நிறுவும் ஆவணமாகாது. எனவே முதலில் பெற வேண்டியது அடையாள அட்டையே.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் வாகன நிறுத்தம், கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு முதலியவை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க தரத்தில் அமைய அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அதன் 41-ஆம் பிரிவு கூறுகிறது. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக் கால வரம்பை 45-ஆம் பிரிவு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின; ஆகவே அந்த வரம்பு 2022-லேயே முடிந்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகள் விளக்குகின்றன. கட்டட நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அது அமைய வேண்டும். 5 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் தேவை. இவ்வளவு அகலம் ஏன் என்று சிலர் வியப்பதுண்டு. வண்டியின் கதவை முழுமையாகத் திறந்து, அதனருகே சக்கர நாற்காலியை நிறுத்தி, நோயாளியைப் பாதுகாப்பாக இடம் மாற்றுவதற்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் கூடுதல் வெளி வேண்டும். பக்கத்தில் ஓர் இருசக்கர வண்டியை யாரேனும் செருகிவிட்டால் அந்த இடம் பயனற்றதாகிவிடும்.

அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவிட முடியாது, அவை கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. வாசலருகே இடம் கேட்பது சலுகைக்கு மன்றாடுவதன்று என்பதற்கு இதுவே சான்று.

யார் தகுதியுடையவர்?

சட்டம் 21 வகை மாற்றுத்திறன் நிலைகளை ஏற்கிறது. நமது மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோர் இயக்கக் குறைபாடு என்ற வகையின் கீழ் வருவர். பார்வைக் குறைபாடு, நாள்பட்ட நரம்பியல் நோய்கள், பார்க்கின்சன் நோய், தசைச் சிதைவு நோய், பெருமூளை வாதம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் முதலியவையும் பட்டியலில் உள்ளன. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான அரசு உதவிகளைப் பெறலாம்.

விழுக்காடு என்பது மருத்துவர் மனம்போல் எழுதும் எண்ணன்று. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு, 2024-இல் திருத்திய மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படியே அது கணக்கிடப்படும். கால் அகற்றப்பட்டவர்களுக்கான 2018 அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பெருவிரல் ஒன்றை மட்டும் இழந்தால் 10. எல்லா விரல்களையும் இழந்தால் 20. முன்பாதம்வரை அகற்றப்பட்டால் 30. நடுப்பாதம்வரை என்றால் 40. முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டால் எஞ்சிய பகுதியின் நீளத்தைப் பொறுத்து 60 அல்லது 70. முழங்காலுக்கு மேல் என்றால் 80 அல்லது 85. இரண்டு பாதிப்புகள் இருந்தால் விழுக்காடுகள் அப்படியே கூட்டப்படுவதில்லை. அதற்கெனத் தனி வாய்பாடு உண்டு. "ஒரு காலில் 30, மறு காலில் 30, ஆகவே 60 தர வேண்டும்" என்று வாதிடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இக்கடற்கரைக்கே உரிய சில பாதிப்புகளையும் குறிப்பிடுதல் தகும். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஆயினும் சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. கம்பிரசர் குழாய் வழியே மூச்செடுத்து ஆழத்தில் நெடுநேரம் பணிபுரிந்துவிட்டு விரைந்து மேலேறும்போது, இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிறது. அது தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கக்கூடும். இது உடனே புலப்படும். ஆனால் இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு இரத்தவோட்டம் தடைப்பட்டு எலும்பு மெல்ல மடிவது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். கடலுக்குச் செல்வதை நிறுத்திய பின்னர் ஒருவருக்குத் தொடை இடுக்கில் வலி தோன்றினால், "வயதாகிவிட்டது" என்று தள்ளாமல், பழைய தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். உப்பளங்களிலும் துறைமுகத்திலும் உழைத்துக் காலில் காயமுற்றவர்களும் தங்கள் விபத்து ஆவணங்களைப் பத்திரப்படுத்துதல் நன்று.

யாருக்கு இந்த அட்டை கிடைக்காது?

இதனை மறைக்காமல் சொல்வது எனது கடமை. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர், மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடப்பவர் ஆகியோர் குணமடையும் நிலையில் இருப்பதால் சான்று பெற இயலாது. 21 வகைப் பட்டியலில் இதய நோயும் நுரையீரல் நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இடம்பெறவில்லை. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குபவரும், டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருபவரும், அந்நோயின் பெயரால் மட்டும் இந்த அட்டையைப் பெற முடியாது. இங்கிலாந்தில் வெளியே தெரியாத பாதிப்புகளையும் 2019-இல் சேர்த்துக்கொண்டனர். இங்கு அந்நிலை இன்னும் வரவில்லை.

இவர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வண்டியை நேரே நிறுத்துமிடத்துக்கு ஓட்டிச் செல்லாமல், முகப்பு வாயிலில் நோயாளியை இறக்கிச் சக்கர நாற்காலி கேளுங்கள். உடன் வந்தவர் ஒருவர் நோயாளியோடு நிற்க, மற்றவர் வண்டியை நிறுத்திவிட்டு வரலாம். எந்த மருத்துவமனையிலும் இதற்கு அட்டை எதுவும் தேவையில்லை. தயங்காமல் கேட்டால் போதும்.

எப்போது விண்ணப்பிப்பது?

சிகிச்சை முடிந்து, பாதிப்பு ஒரு நிலைக்கு வந்த பின்னரே மதிப்பீடு செய்யப்படும். பக்கவாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகளை, நோய் தாக்கி ஆறு மாதங்கள் சென்ற பிறகே மதிப்பிட வேண்டும் என்பது விதி. முதல் ஆறு மாதங்களில் கை கால்கள் மீள்வதற்கான வாய்ப்பு மிகுதி என்பதே இதன் காரணம். ஆகவே இரண்டாம் மாதத்திலேயே மருத்துவக் குழுவின் முன் சென்று திரும்பி வருவதால் அலைச்சலே மிஞ்சும். அந்த ஆறு மாதங்களை இயன்முறைச் சிகிச்சைக்குச் செலவிடுங்கள், ஆவணங்களைத் திரட்டுங்கள். கால் அகற்றப்பட்டவர்கள் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. புண் ஆறியதும் விண்ணப்பிக்கலாம்.

பாதிப்பு மாறக்கூடியது என மருத்துவக் குழு கருதினால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்று வழங்கப்படும். அது முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை

1. ஆவணங்கள்: ஆதார் அட்டை, இருப்பிடச் சான்று, அண்மையில் எடுத்த புகைப்படம், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, மருத்துவ ஆவணங்கள். ஆதாரிலும் மருத்துவ ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தால்கூட விண்ணப்பம் தேங்கிவிடும்.

2. மருத்துவச் சான்றுகள்: எங்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், எந்தப் பக்கம், அறுவை நடந்த நாள், எந்த மட்டத்தில் அகற்றப்பட்டது, இப்போதைய நடக்கும் திறன் ஆகியவை தெளிவாக உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தூக்கி எறிய வேண்டாம்.

3. பதிவு: 'ஸ்வாவ்லம்பன் கார்டு' என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இயலாதவர்கள் இ-சேவை மையத்தையோ, கோரம்பள்ளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ நாடலாம். பதிவு முடிந்ததும் கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டே விண்ணப்பத்தின் நிலையை அறியலாம்.

4. மருத்துவ மதிப்பீடு: சான்று வழங்கும் அதிகாரம் அரசு மருத்துவத் துறையினருக்கே உண்டு. சிகிச்சை அளித்த மருத்துவர் எத்துணைப் பெரிய நிபுணராயினும், அவர் தம் கடிதத்தாளில் எழுதித் தரும் விழுக்காடு சட்டப்படி செல்லாது. எங்களால் தரக்கூடியது தெளிவான மருத்துவக் குறிப்பு மட்டுமே. மதிப்பீட்டு நாளன்று நோயாளி நேரில் செல்ல வேண்டும். நாள்தோறும் பயன்படுத்தும் ஊன்றுகோல், செயற்கைக் கால், காலிப்பர் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். இயல்பாக நடப்பதைப் போலவே நடந்து காட்டுங்கள். கூட்டியும் குறைத்தும் காட்ட வேண்டாம்.

5. அட்டை: 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மூன்று மாதங்களுக்குள் சான்றும் அட்டையும் வழங்கப்பட வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறம் அமையும். இச்சான்று நாடு முழுவதும் செல்லும். மதுரைக்கோ சென்னைக்கோ சென்றாலும் மீண்டும் மதிப்பீடு தேவையில்லை.

முடிவில் மனநிறைவு இல்லையெனில், 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில் பெறுவது முதற்படி.

வண்டிக்கான ஆவணங்கள்

சொந்த வண்டி வைத்திருப்போர் அதன் பதிவிலும் கவனம் செலுத்த வேண்டும். மாற்றுத்திறனாளியின் உடல்நிலைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வண்டியை 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் குறிப்பிடுகிறது. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர், கையால் இயக்கும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கொண்ட கார் ஆகியவை இவ்வகை. பணிமனையில் மாற்றம் செய்தால் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அம்மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றியாக வேண்டும். இல்லையேல் விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழும். 2020 அக்டோபர் முதல் வண்டிப் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்கவும் இடம் தரப்பட்டுள்ளது. வாகன வரிச் சலுகை, தேசிய நெடுஞ்சாலைச் சுங்க விலக்கு ஆகியவற்றைக் கோரவும் இப்பதிவே அடிப்படை.

கால்கள் பாதிக்கப்பட்டு, கைகள் நன்கு இயங்குவோருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசு விலையின்றி வழங்கிவருகிறது. இதற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையே அணுக வேண்டும். சொந்த வண்டி இல்லாதோருக்கும் அட்டை பயன்படும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உதவியாளரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம்.

பக்கவாதம், வலிப்பு, பார்வைக் குறைவு ஆகியவற்றுக்குப் பின் வண்டியை மீண்டும் ஓட்டுவதற்கு முன்னர் மருத்துவரின் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள். அடையாள அட்டை கிடைத்துவிட்டது என்பதற்கு, ஓட்டும் தகுதி உண்டு என்று பொருளாகாது.

வாயிலில் நின்று எவ்வாறு கேட்பது?

திருமண மண்டபத்திலோ, கடைத்தெருவிலோ, திருச்செந்தூர்க் கோயிலிலோ, பனிமய மாதா திருவிழாக் கூட்டத்திலோ வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தச் சொல்வார்கள். அப்போது அட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, "நடக்க இயலாதவர் உள்ளே இருக்கிறார், வாசலருகே இறக்க வேண்டும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பணியில் நிற்பவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம். பொறுப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். அட்டையின் நகலை வண்டியிலும் படத்தைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். ஒரு நிறுவனத்தில் இத்தகைய இடமே ஒதுக்கப்படவில்லை என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு அளிக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம்.

உரிமை இருக்குமிடத்தில் கடமையும் உண்டு. மாற்றுத்திறனாளி வண்டியில் இல்லாதபோது அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அப்பாவின் அட்டையைக் காட்டி மகன் கடைக்குச் செல்வது, இன்னொருவரின் அப்பாவை வெயிலில் நடக்கவைப்பதாகும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோருக்கான உதவியை மோசடியாகப் பெற்றால், 91-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

"அந்த அட்டையை வாங்கினால் என்னை ஊனமுற்றவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று மறுக்கும் நோயாளிகள் உண்டு; குறிப்பாக, கடலிலும் துறைமுகத்திலும் உடலுழைப்பால் குடும்பத்தைக் காத்தவர்கள். அந்த மறுப்பை எள்ளி நகையாடாதீர்கள். அதில் வேதனை இருக்கிறது. அட்டை வாங்குவது மீண்டெழும் முயற்சியைக் கைவிடுவதாகாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வாசல்வரை நடந்து தீர்க்கும் வலிமையை மிச்சப்படுத்தினால், அதனை இயன்முறைச் சிகிச்சை அறையில் பத்து நிமிடம் கூடுதலாகப் பயன்படுத்தலாம். வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர் பேரனின் பள்ளி விழாவுக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கும் செல்லத் தொடங்குவதுதான் இந்த அட்டையின் உண்மையான பயன்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆதார் அட்டையையும் கொண்டு வாருங்கள். நீங்கள் தகுதியுடையவரா, எப்போது விண்ணப்பிக்கலாம், ஆவணங்களில் எது விடுபட்டுள்ளது என்பவற்றை உங்கள் மருத்துவர் அன்றே பார்த்துச் சொல்வார்.